வேலையை விட்டு அனுப்பும் பாடம்

நவம்பர் 12, புதன்

மழை. தாம்பரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர். பேன்ட் நாசம். வாங்க: குடை, இருமல் மருந்து.

மேனேஜர் பயிற்சி வகுப்பு, இந்த பேட்சில் ஏழு பேர். எல்லோருக்கும் வளைகுடாவில் மேனேஜர் ஆசை. கைகுலுக்கச் சொன்னால் ஈரத்துணி பிழிகிறார்கள். தேறக்கூடியவன் ஒருவன்தான், ஃபரீத். திருமுடிவாக்கம் ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசர். ஒரே குறை, இரக்கம்.

வெள்ளிக்கிழமை இறுதித் தேர்வு. எதிரே உட்காரும் ஊழியரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். மன்னிப்புக் கேட்டால் ஃபெயில். ஊழியராக நடிப்பது வழக்கம்போல மல்லிகா, ஆபீசில் டீ போடுகிறவள். சொன்னவுடன் அழுவாள். போன பேட்சில் ஒருத்தன் பயந்துபோய் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்!

13, வியாழன்

முதலாளி போன். திங்கட்கிழமை டீ மெஷின் வருகிறதாம். "அந்தம்மாவ நாளையோட நிறுத்திடுங்க. நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட்டாச்சே."

மல்லிகாவிடம் சொல்லத்தான் போனேன். "இன்னா சார், தொண்ட கட்டிக்கினு கீது? சுக்கு தட்டிப் போடட்டா?" குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மகள் நர்சிங் முதல் வருஷம். இவள் சம்பளம்தான் எல்லாம்.

சாயங்காலம் ஒரு யோசனை. வெட்கப்பட்டிருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

14, வெள்ளி

தூறல். மற்ற ஆறு பேருக்கும் கற்பனைக் காரணங்கள். சொதப்பல். ஃபரீதுக்கு மட்டும் நிஜக் காரணத்தை எழுதிக் கொடுத்தேன். அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"அக்கா, மெஷின் வருது. இன்னையோட உங்க வேலை முடியுது."

"பொண்ணு படிச்சிகினு கீதுப்பா. நான் எங்க போவேன்?"

"முடிவு மாறாது அக்கா."

கதவுவரை கூடப் போய்த் திறந்துவிட்டான். இமைகூட அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பாஸ். முறைப்படி நோட்டீஸும் சொல்லியாகிவிட்டது, சாட்சிகளோடு. என் கை நனையவில்லை.

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பொண்ணச் சொல்லி அழுதும் அந்தத் தம்பி மசியவே இல்ல சார். பெரிய ஆளா வரும்."

உண்மை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கோழை நான். "திங்கக்கெழம பாக்கலாம் சார்" என்று தலையில் கவரைப் போட்டுக்கொண்டு கூடுவாஞ்சேரி ரயிலுக்கு ஓடினாள்.

17, திங்கள்

வெயில். மெஷின் வந்துவிட்டது. டீ வெந்நீர் மாதிரி இருக்கிறது.

ஃபரீத் சர்டிபிகேட் வாங்க வந்திருந்தான். ரெஜிஸ்டரில் அவன் கையெழுத்துப் போடும்போது கீழே கேட்டில் சத்தம். மல்லிகாவை உள்ளே விடாதே என்று வாட்ச்மேனிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். ஜன்னலில் என் தலையைப் பார்த்துவிட்டாள்.

"சார்! பரிச்ச முடிஞ்சிடுச்சுன்னு இந்தாளுக்குச் சொல்லு சார்!"

ஃபரீத் பேனாவை மூடினான். என்னையே பார்த்தான்.