மணி நாக்கில் கட்டிய துணி

பதுளை
12.3.1984

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எஸ்தர் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

மாத்திரையை நம்புகிறவள் ஜெபத்தை விட்டுவிடுவாள் என்று எழுதியிருந்தீர்கள். நான் இரண்டையும் விடமாட்டேன் அப்பா.

குடியை நிறுத்த, நான் வேலை செய்யும் இல்லத்துக்கு வந்திருக்கும் காத்தமுத்து அண்ணன், ஜெப மணி அடித்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார். "உள்ள பேய் இருக்கு, அதான் ஜெபத்துக்குப் பயப்படுது" என்றார் பொறுப்பாளர் ஐயா. ஆசுபத்திரி டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போன வருடக் கலவரத்தில் பசறைப் பக்கம் அவர் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் மணியடித்துத்தான் ஆட்களை எச்சரித்தார்களாம். அன்றைக்கே அவர்கள் குடியிருந்த லயம் எரிந்துவிட்டது.

"மணி கேட்டா அவரு மூளைக்கு இன்னைக்கும் லயம் எரியுதும்மா. அத அமத்தத்தான் குடிக்கிறாரு" என்றார் டாக்டர்.

நான் மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

"அவுத்துடு, இல்லேன்னா வேலை போயிரும்" என்று ஐயா சத்தம் போட்டார்.

"போகட்டுங்க" என்றேன்.

பயப்படாதீர்கள், இன்னும் போகவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபத்துக்கு அழைத்தேன். அண்ணன் தானாகவே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். மாத்திரையும் போடுகிறார்.

அம்மாவின் பழைய சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

நம் கோயில் மணியை அடிக்கிற உங்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளை மணியடித்தா கூப்பிட்டார்?

உங்கள் மகள்
எஸ்தர்