பேர் எழுதாத பெட்டி

ஜூலை 5, சனி

நாலைந்து படகுகளுக்குப் பிறகு இன்று நெய்னா பாய் படகிலும் பெட்டியை மாட்டியாயிற்று. படகு இருக்கும் இடம், வேகம் இரண்டையும் பதிந்து வைத்துக்கொண்டு, என் கடை மொட்டைமாடி டவருக்கும் அனுப்பும். இலங்கைக் கடல் எல்லைக்கோடு நெருங்கினால் கத்தும். அவ்வளவுதான் அதன் வேலை.

இதற்கு முன்னால் வந்த கருவிகளின் கதி கோட்டைப்பட்டினத்தில் எல்லாருக்கும் தெரியும். பாதி வீட்டு ஆணியில் தொங்குகிறது, மீதி ஒயர் பிடுங்கிக் கிடக்கிறது. இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் எதையும் நம் ஆட்கள் படகில் விட மாட்டார்கள். அதனால் பேட்டரிக்குப் பின்னால் ஒளித்து, எம்-சீல் போட்டு அடைத்து, படகின் பச்சை பெயிண்டையே பூசிவிட்டேன். பேர் எதுவும் எழுதவில்லை. தகவலும் ரகசிய எண் போட்டுப் பூட்டித்தான் போகும். மீன் கிடைக்கிற இடம் அடுத்த படகுக்குத் தெரியக் கூடாதாம். பாய் போட்ட ஒரே நிபந்தனை.

அந்தப் படகுக்கு டிரைவர் என் அக்கா வீட்டுக்காரர், வீரய்யா.

"மாப்ள, எல்லையில போயி இது கத்துச்சுன்னா நேவிக்கு நீயே விசிலடிச்ச மாரில்ல ஆயிரும்."

"கத்துனா திரும்பி வாங்க மச்சான்."

"அங்கிட்டுக் கெடக்குற றாலும் கூடவே திரும்பி வருமாடா?"

ஜூலை 8, செவ்வாய்

இலங்கைத் துறைமுகத்தில் ஏதோ மூன்றாவது நாட்டின் ஆராய்ச்சிக் கப்பல் வந்து நிற்கிறது. ஆராய்ச்சி இல்லை, வேவு என்கிறது டெல்லி. வேவு பார்ப்பதே நீங்கள்தான் என்கிறது கொழும்பு. டீக்கடையில் ஒரே சத்தம். எனக்கு ரிப்பேருக்கு வந்த, கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டர் நாலு கிடக்கிறது.

ஜூலை 10, வியாழன்

நேற்றுப் போன படகு திரும்பவில்லை. திரையில் பார்த்தேன். புள்ளி கோட்டைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கம் போய், வலை இழுக்கும் வேகத்தில் மெதுவாக நகர்ந்து, நின்று, அப்புறம் காணவில்லை. அந்தப் பக்கத்து நேவி பிடித்துவிட்டது. மச்சானோடு சேர்த்து ஐந்து பேர்.

அக்கா அழவில்லை. இது பழகிய சங்கதி. கோர்ட், எச்சரிக்கை, ரெண்டு மூணு வாரத்தில் விமானத்தில் சென்னை. நம் பக்கத்து அறிக்கையில் "இன்ஜின் பழுதாகி எல்லை தாண்டிய மீனவர்கள்" என்று போட்டிருக்கிறார்கள். எப்போதும் போடுகிற வரி.

இன்ஜின் பழுதான படகு வலை இழுக்குமா?

ஜூலை 12, சனி

டிவியில் என் பெட்டி. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறார்கள். எம்-சீலில் என் கட்டைவிரல் அழுந்திய தடம்கூடத் தெரிகிறது. மீன்பிடிப் படகில் ஒளித்து வைத்த உளவுக் கருவியாம்.

மற்ற நாலு பேர் மீன்பிடி வழக்கில் கோர்ட்டுக்குப் போனார்கள். டிரைவர் என்பதால் மச்சானை மட்டும் தனியாகக் கொண்டுபோய்விட்டார்கள். உளவு வழக்கு. எத்தனை வருஷம் போடுவார்கள் என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

ஒளித்தது நான்.

ஜூலை 14, திங்கள்

புதுக்கோட்டையில் ஒரு அதிகாரியைப் பார்த்தேன். படம் போட்டுக் காட்டினேன். உள்ளே மைக் இல்லை, கேமரா இல்லை, அடுத்தவன் பேச்சைக் கேட்கிற எதுவும் இல்லை. பூட்டைத் திறக்கிற எண்ணை அந்தப் பக்கத்து நேவிக்கு அனுப்பினால் போதும், திறந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

கேட்டுக்கொண்டே இருந்தவர், "தெறந்தா வேற என்ன தெரியும் தம்பி?" என்றார்.

"படகு போன தடம், சார்."

"எழுவ வல இழுக்குற வேகத்துல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இன்ஜின் ரிப்பேர்னு நாம எழுதிக் குடுத்தாச்சு. ஒங்க பெட்டி நம்மளப் பொய்யின்னு சொல்லும். கப்பல் விவகாரம் ஓடுற நேரத்துல அத நம்ம கையால குடுக்கச் சொல்றீங்களா? நீங்களா மெயில்கியில் போட்டுறாதீங்க. அடுத்த நாட்டுப் படைக்கு டெக்னிக்கல் விவரம் குடுத்தா ஒங்களத்தான் முதல்ல தூக்குவாங்க."

மனு கொடுத்தேன். இங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து கொழும்புத் தூதரகம், அங்கிருந்து அவர்கள் அமைச்சகம், அப்புறம் நேவி. பதில் இதே வழியில் திரும்ப வர வேண்டும். நடுவில் ஒருத்தன் லீவு போட்டால்?

ஜூலை 17, வியாழன்

கடைக்கு ரெண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். நம் பக்கத்து உளவுப் பிரிவு ஆட்கள்.

"சிப் எந்த நாட்டுது?"

"சைனா."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒங்க பாக்கெட்டுல இருக்கற போன்லயும் அதான் சார் இருக்கு" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். லேப்டாப் போய்விட்டது; டவரோடு இருக்கிற திரையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அங்கே நான் இந்திய உளவாளி. இங்கே சைனா உளவாளி. சபாஷ்.

ஜூலை 18, வெள்ளி

அக்கா தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். பேச்சில்லை.

ஜூலை 21, திங்கள்

மற்ற நாலு பேரும் விடுதலையாகி ஊர் வந்துவிட்டார்கள். மச்சானுக்குக் காவல் நீட்டிப்பு. அடிக்கிறார்களா என்று கேட்டதற்கு, திரும்பி வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாது என்றார்கள். தெரியாதுன்னா என்ன அர்த்தம்? ஒரே போட்டுல போனவனுங்கதானடா?

அக்கா இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "ஒம் பெட்டி இல்லேன்னா அவரும் இவுகளோட வந்திருப்பாரு." கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

நெய்னா பாயிடம் போனேன். தடத்தை வெளியே சொல்லிவிடலாம் பாய் என்றேன். எல்லை தாண்டி வலை இழுத்தோம், உளவு பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மைதானே?

"தெரியிறது வேற, சொல்றது வேற தம்பி. எழுவ போட்டோம்னு நம்ம வாயால சொன்னா படக அவுக அரசாங்கம் எடுத்துக்கிரும். இருவது வருச ஒழப்புப்பா அது. ஒரு போட்டோட நிக்காது, ஊரே மாட்டும்."

அவரும் அழுதார். எனக்கு அழத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பூட்டு எண் என் மண்டைக்குள் இருக்கிறது. கேட்க ஆளில்லை.

ஜூலை 23, புதன்

விடிகிற நேரத்தில் காற்று அடங்கியிருந்தால் அந்தப் பக்கத்து மீனவர்கள் வயர்லெஸில் பேசுவது என் டவருக்குத் தெளிவாக வரும். நம் ஆட்கள் அதைக் கேட்டு நேவி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். பதில் பேச மாட்டார்கள்.

நேற்றே அக்காவிடம் சொன்னேன். நான் பேசினால் பாயோட போட்டு போகும், மச்சான்மேல் மீன் திருட்டுக் கேசு நிக்கும், ஊர் நம்மள ஒதுக்கும்.

"போட்டு பாயோடது. புருசன் என்னோடது. பேசு" என்றாள். மொட்டைமாடிக்குக் கூடவே வந்தாள்.

கூப்பிட்டேன். ரொம்ப நேரம் இரைச்சல்தான். பிறகு ஒரு குரல்.

"எங்கட வலையள அறுத்துப்போட்டு இப்ப எங்களிட்டயே உதவி கேக்கிறியளோ? வெக்கமில்லையே?"

"வெக்கமாத்தான் இருக்கு. அந்தப் பெட்டியச் செஞ்சவன் நான். அதுல உளவு எதுவும் இல்ல. எங்க படகு எங்க எழுவ போட்டுச்சுங்கறது மட்டுந்தான் இருக்கு. ஒங்க கடல்ல."

இரைச்சல்.

"திரும்பச் சொல்லு."

"ஒங்க கடல்லதான் இழுத்தோம். இன்ஜின் நல்லாத்தான் ஓடுச்சு. பெட்டிய எப்படித் தெறக்கறதுன்னு சொல்றேன், எழுதிக்கங்க. ஒங்க சங்கம், வக்கீல், யாருட்ட வேணாலும் குடுங்க."

"இவ்வளவு காலத்தில உங்கட பக்கத்தில ஒருத்தனும் இதைச் சொன்னதில்ல தம்பி. தன்ர ஆளையே கள்ளன் எண்டு சொல்லுறவன் வேவுகாரனா இருக்கேலாது. சொல்லு, எழுதுறன்."

வாசித்தேன். ஒவ்வொரு எண்ணையும் அவர் திருப்பிச் சொன்னார். பேர் கேட்டேன். அதற்குள் குரல் போய்விட்டது.

ஜூலை 25, வெள்ளி

வயர்லெஸில் பேசியதை ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. ஷட்டரில் மீன் குடலை அப்பியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

வெளிநாட்டு ஆளிடம் எதற்குப் பேசினாய் என்று நாள் முழுக்க விசாரணை. என்னிடம் இருப்பது ஒரே பதில். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இனி திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்து.

அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. அந்த மனிதர் எழுதிய தாள் சட்டைப்பையிலேயே கிடக்கிறதோ? தண்ணீரில் விழுந்ததோ? கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சிறையிலிருந்து போன். அக்கா பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மாப்ள. இங்கத்த மீனவர் சங்கம் குடுத்த எண்ண வச்சுப் பெட்டியத் தெறந்து பாத்துட்டாய்ங்க. வக்கீலம்மா ஒருத்தவுக கோர்ட்டுல தடத்தப் படமாவே போட்டுக் காட்டுனாக. ஒளவாளி இல்லேன்னு எழுதிட்டாக."

"மச்சான்..."

"திருடன்னு எழுதியிருக்காக. ஆறு மாசம். போட்டு போச்சு. பாய்ட்ட சொல்லிரு." இருமினார். "அழுவாதடா. திருடன்னா வீட்டுக்கு விட்ருவாங்கள்ல."

செப்டம்பர் 3, புதன்

மற்ற படகுகளில் மாட்டியிருந்த பெட்டிகளையும் கழற்றி, சாக்கில் கட்டிக் கடை வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றில் பச்சை பெயிண்ட் இன்னும் காயாத மாதிரியே மின்னியது.

படகைப் பறித்ததைக் கண்டித்து நடந்த வேலைநிறுத்தம் முடிந்து இன்று எல்லாப் படகும் போயிருக்கின்றன. பழக்கதோஷம், திரையைப் போட்டேன். கோடு மட்டும் இருக்கிறது. கோட்டுக்கு இங்கிட்டும் ஒன்றுமில்லை, அங்கிட்டும் ஒன்றுமில்லை.

அக்கா படியேறி வந்து பார்த்தாள். "யாரு எங்க இருக்காகன்னு தெரியலையா?"

"தெரியாது."

அவள் கடல் பக்கம் திரும்பி நின்றாள். நான் திரையை அணைக்கவில்லை.