எட்டாம் நம்பர் வாசலும் ஒன்பதாம் நம்பர் கிணறும்

என் அன்புக்கும், இந்த வாரம் என் கோபத்துக்கும் உரிய தேவராஜ் அண்ணா,

நீங்கள் இருக்கும் இடத்தில் தண்ணீர் எப்படி? உப்பா, நல்ல தண்ணீரா? சிரிக்காதீர்கள். செம்பாக்கத்தில் இப்போது வேறு பேச்சே கிடையாது.

கோபம் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கையெழுத்துப் போடாமல் போய்விட்டீர்கள். ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கையெழுத்தாகப் போட்டுத் தள்ளிய கை அது. எனக்காக இன்னும் ஒன்று போட்டிருக்கக் கூடாதா?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நம் ஆபீஸ் மன்றத்தின் ஆண்டு மலரில் இதைப் படிக்கப் போகிறவர்களில் தெரியாதவர்களும் இருப்பார்கள். வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் என் மாமியாரைப் பற்றி எழுதுவேன். இந்த வருஷம் அவர் தப்பித்தார்.

நம் வீடு கட்டும் சங்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருபது வீடு கட்டியது. ஆபீஸ் கான்டீனில் எவர்சில்வர் தூக்கில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். உங்களுக்கு எட்டாம் நம்பர், கிழக்குப் பார்த்த வீடு. எனக்கு அடுத்த வீடு, ஒன்பது. தெரு திரும்பும் மூலை என்பதால் அதற்குத் தெற்குப் பார்த்த வாசல். நான் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் கமலா என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "தெற்கு வாசல்ல நான் காலை வைக்க மாட்டேன். நீங்க போய் இருங்க. நான் பிள்ளைங்களோட மாம்பலத்துல வாடகை வீட்டுலயே இருந்துக்கறேன்."

மறுநாள் தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் உங்களிடம் மூக்கால் அழுதேன். நீங்கள் யோசிக்கவே இல்லை. "இவ்வளவுதானா? நீ எட்டை எடுத்துக்கப்பா. எனக்கு நாலு திசையும் ஆண்டவர் படைச்சதுதான்." ஒரு டீ சொல்லி இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்தோம். அதுதான் நம் பத்திரம். பேப்பரில் பெயர் மாற்றுவதைப் பதிவின்போது பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். நானும் சரி என்றேன். கடைநிலை குமாஸ்தாகூட ஒரு காகிதம் எழுதி வாங்கியிருப்பான். கோப்பும் குறிப்புமாகவே வாழ்ந்த நாம் இரண்டு பேர் வாய்வார்த்தையில் வீடு மாற்றிக்கொண்டோம்.

புது வீட்டு லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. கதவு மழைக்கு மூடாது, வெயிலுக்குத் திறக்காது. ஒவ்வொரு சுவரிலும் சுவிட்ச் உண்டு. மின்சாரம்தான் எட்டு மாதம் வரவில்லை. சுவரில் விரிசல் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே, "இன்னா சார் நீ, பச்சைக் கொயந்தையாட்டம் பயந்துக்கற. புது வூடு, மூச்சு வுடுது. வுட்டுட்டுப் போவட்டும்" என்றார். இப்போது பக்கத்து அறை விளக்கு தெரிகிற அளவுக்கு மூச்சு விட்டிருக்கிறது.

அப்புறம் அந்தப் பூட்டு. கான்ட்ராக்டர் மொத்தமாக ஒரே பெட்டியில் வாங்கி மாட்டியதில், ஒரு சாவி இருபது வீட்டையும் திறந்தது. குடிவந்த இரண்டாம் வாரம், விளக்கு வைக்கிற நேரத்தில் அசதியோடு வந்தவன் மூலையில் ஒரு வீடு தள்ளிப் போய்விட்டேன். சாவி திறந்தது. செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து, "கமலா, காபி" என்றேன். இருட்டிலிருந்து உங்கள் குரல் வந்தது: "எஸ்தர் போட்ட காபி பரவாயில்லையா, தம்பி?"

எஸ்தர் அண்ணி சிரித்துக்கொண்டே காபியோடு வந்தார்கள். நான் பனியனோடு நின்றேன். அந்தக் காபி அமிர்தமாக இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காரணம் டிகாக்ஷன் இல்லை, தண்ணீர்.

அந்தக் கோடையில் எல்லோர் கிணறும் வற்றியது. நீங்கள் மே மாத வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஆள் விட்டு ஒன்பதாம் நம்பர் கிணற்றை ஆழப்படுத்தினீர்கள். இளநீர் மாதிரி ஊறியது. உங்களைப் பார்த்து நானும் எட்டாம் நம்பரில் ஆள் விட்டேன். ஆழம் கூடக் கூட உப்புதான் கூடியது. எங்கள் வீட்டில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. கமலாவின் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. இதை நான் எழுதியது அவளுக்குத் தெரியும், அனுமதி வாங்கிவிட்டேன். குடிக்கவும் சமைக்கவும் தினம் காலையில் நான்கு குடம் உங்கள் கிணற்றிலிருந்துதான்.

நடுவில் ஐப்பசி மழை வந்தது. ஏரி வந்து வாசற்படியைப் பார்த்துவிட்டுப் போனது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான்.

இப்போது பதிவு வந்துவிட்டது, அண்ணா. வரும் திங்கட்கிழமை. சங்கத்துச் செயலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாத்திக்கிட்டீங்களா? யாரைக் கேட்டு மாத்திக்கிட்டீங்க?"

"நாங்களே பேசிக்கிட்டோம் சார்."

"பேசினதெல்லாம் ரெக்கார்டு ஆகுமா? பொதுக்குழு பாஸ் பண்ண லிஸ்ட் சார் இது. மாத்தணும்னா ரெண்டு மெம்பரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"ஒரு மெம்பர் கல்லறைத் தோட்டத்துல இருக்கார் சார்."

"அப்ப லிஸ்ட்படிதான். உங்களுக்கு ஒன்பது, அந்த அம்மாவுக்கு எட்டு." என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டவர் காதோடு சொன்னார்: "உங்களுக்கு நல்ல தண்ணி வீடு தானா வருது. சும்மா இருக்க மாட்டீங்களா?"

இந்த ஒரு வாக்கியம் நான்கு நாளாக என் காதைவிட்டு இறங்கவில்லை. அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணா: சும்மா இருந்தால் என்ன என்றுதான் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்தால் கமலா வேகாத பருப்போடு மல்லுக்கு நிற்கிறாள். செய்தியைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, தெற்கு வாசல்னா என்ன? கொல்லைப் பக்கமா போய் வந்துட்டாப் போச்சு." நான்கு திசையில் ஒன்றை அடியோடு ஒதுக்கி வைத்தவள் சொல்கிறாள்! நான் சிரிக்க முடியாமல் தவித்தேன். ஏனென்றால் நானும் மனசுக்குள் அந்தக் கொல்லைப்புறம் வழியாகத்தான் அப்போது போய்க்கொண்டிருந்தேன்.

விஷயம் காலனி முழுக்கப் பரவிவிட்டது. எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும், "சபாபதி சார் என்ன செய்யறதா உத்தேசம்?" அண்ணி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுக் காலை வேலிப் பக்கம் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய புடவை, கையில் குடை.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணி."

"திங்கட்கிழமைக்கு அப்புறம் நாங்க எட்டுக்கு வந்துடுவோம். சட்டம்னா சட்டம்தானே. உங்களைக் குறை சொல்லலை. கிணத்து ராட்டினம் மட்டும் அவர் கையால மாட்டினது. அதைக் கழட்டி எடுத்துக்கிட்டா உங்களுக்குக் கஷ்டம் இல்லையே?"

கமலா குடத்தோடு என் பின்னால் நின்றிருந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே உள்ளே போனாள். நான் போனபோது அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தி எழுதிக் குடுத்துடுங்க."

"பதிவுக்கு அப்புறம்தான் முடியும் கமலா. வக்கீலைக் கேட்டேன். முதல்ல லிஸ்ட்படி பதிவாகட்டும். அப்புறம் நானும் அண்ணியும் பரிவர்த்தனைப் பத்திரம் ஒண்ணு போட்டா, அவங்க வீடு அவங்களுக்கு, நம்ம வீடு நமக்கு."

"அப்புறம்னா எப்ப?"

அங்கேதான் எனக்குப் பயம், அண்ணா. ஒன்பதாம் நம்பர் என் பெயரில் வந்துவிடும். பத்திரம் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த மாதம் லீவு கிடைக்கவில்லை என்பேன். அதற்கடுத்த மாதம் வக்கீல் ஊரில் இல்லை என்பேன். ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கோப்புகளை ஊறப்போட்டே பழகியவன். பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவர் நீங்கள். வேறு யாரையாவது நம்பலாம். சபாபதியை நம்ப முடியாது என்று சபாபதிக்கே தெரியும்.

கமலாதான் வழி சொன்னாள். "மலர்ல எழுதிடுங்க. எல்லாரும் படிக்கட்டும். எனக்கும் சேர்த்து எழுதுங்க. நாளைக்குக் கோடை வந்து தண்ணி வத்தினா நானே மனசு மாறினாலும் மாறுவேன்."

அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை லிஸ்ட்படி கையெழுத்துப் போடுவேன். பரிவர்த்தனைப் பத்திரம் இப்போதே டைப் அடித்து அண்ணியிடம் கொடுத்தாயிற்று. என் பெட்டியில் வைத்தால் ஊறிவிடும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதைப் பதிவு செய்துவிடுகிறேன். செய்யாவிட்டால், இதைப் படிக்கிற யாரும் எட்டாம் நம்பர் வாசலில் வந்து சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ராட்டினம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நேற்று எண்ணெய்கூடப் போட்டேன்.

இன்னொரு சேதி. காலனியில் எல்லோரும் பூட்டை மாற்றிவிட்டார்கள். நம் இரண்டு வீடும்தான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். நான் சொன்ன சொல் தவறினால் அண்ணி தன் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வந்து கேட்கலாம். காபி கொடுப்போம். தண்ணீர் அவர்கள் கிணற்றுடையதுதான்.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் சொல்லாமல் 'தம்பி' என்றே கூப்பிட்ட,
எட்டாம் நம்பர் சபாபதி