பேரிங் வீங்கியிருக்கிறதாம்

அன்பு மிக்க என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். அங்கே நீங்களும் நலமா என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை. நலமாக இருக்கிற மனிதர் போன சனிக்கிழமை வந்ததைப் போல ஒரு கடிதம் போடமாட்டார்.

இனிமேல் கடிதம் வராது, என்னைத் தேட வேண்டாம், அம்மாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நீ உன் வழியைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டுகிறவன்கூட இதைவிட இரண்டு வரி கூடுதலாக எழுதுவான். அத்தை எப்போதும்போல் சத்தமாகப் படிக்கச் சொன்னார். சாப்பாடு பரவாயில்லையாம், குளிர் குறைந்துவிட்டதாம், உங்கள் முழங்கால் வலி எப்படி என்று கேட்டிருக்கிறார் என்று நானே இட்டுக்கட்டிப் படித்தேன். "இவ்ளோ விஷயத்தை இத்தனூண்டு தாள்லயா எழுதினான், கஞ்சப்பய" என்றார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கடைசி வரியில், நான் செய்தது என்னவென்று உனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பாதியில் கிழிக்காமல் முழுக்கப் படியுங்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். மாலையில் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று எழுதினேன் அல்லவா? அது இரும்பு கடைகிற லேத் வகுப்பு. முடித்ததும் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். எங்கே என்று படித்தால் உங்களுக்குக் கோபம் வரும். உங்கள் பட்டறையிலேதான். சங்கிலிக் கப்பியில் பின் என்கிற அச்சாணி கழன்று, பாரம் விழுந்து, அந்தச் சுமை தூக்குகிறவரின் கால் போனதே, அந்தப் பின்னில் உங்கள் முத்திரை இருந்தது என்று சொல்லி உங்களை வெளியே தள்ளிய அதே பட்டறை. வேறு எங்கேயும் பெண்ணை லேத்தில் நிற்கவிடவில்லை. இங்கே விட்டார்கள். பெண்ணுக்குக் கை மெதுவாகத்தான் ஓடும் என்று சொல்லிச் சம்பளத்தையும் மெதுவாக்கிக்கொண்டார்கள்.

முதலில் கூட்டுவதும் பிசிறு தேய்ப்பதும்தான் வேலை. லேத்தில் பின் கடைய விடவேண்டும் என்றால் சொந்தமாக மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும் என்றார் போர்மேன். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தானே. கம்பெனிக்கு அளக்கிற வேலை, அளக்கிற கருவி மட்டும் நம் வயிற்றில் அடித்து நாம் வாங்க வேண்டும். போர்மேன் தன் அலமாரியைத் திறந்து காட்டினார். வேலையைவிட்டுப் போனவர்களிடம் பிடுங்கி வைத்த கருவிகளை எல்லாம் புதிதாக வருகிறவர்கள் தலையில் கட்டுகிற அலமாரி. அதிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். மூடியில் நீங்கள் ஆணியால் கீறிய நட்சத்திரம் இருந்தது.

உங்கள் மைக்ரோமீட்டரை எனக்கே விற்கப் பார்க்கிறான் அந்த ஆள். "வீட்டுப் பொருள் வீட்டுக்கே வரட்டுமேம்மா" என்று பல்லைக் காட்டுகிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை அவன் மூக்கில் அளந்திருப்பேன். வேண்டாம், வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய இரும்புக் கடைகள் இருக்கிற தெருவின் கடைசியில் ஒருவர் பழைய அளவுக் கருவிகள் விற்கிறார். வாயைத் திறந்தால் சத்தியம்தான் வரும் என்பதால் அவருக்குப் பேரே சத்தியம். முதலில் எண் காட்டுகிற வெர்னியர் ஒன்றை நீட்டினார். "பேட்டரி போட்டா அதுவே சொல்லிடும், நீ கண்ணைக்கூடத் திறக்க வேணாம், சத்தியமா" என்றார். மூடினால் ஒருமுறை சுழியம் காட்டியது, இன்னொருமுறை மூன்று காட்டியது. வானம் மூட்டமாக இருந்தால் அப்படித்தானாம். அடுத்து ஒரு மைக்ரோமீட்டர். பெரிய கம்பெனி பேர் பொறித்திருந்தது, ஆனால் பேரில் ஒரு எழுத்து குறைந்தது. கேட்டால், "எழுத்துல என்னம்மா இருக்கு, அளவைப் பாரு" என்கிறார். அளவைப் பார்த்தேன். தாடைகளைத் துடைத்து மூடி விளக்குக்கு நேரே பிடித்தால் ஒரு ஓரமாக வெளிச்சம் கசிந்தது. "பொம்பளப் பிள்ளைன்னு ஏமாத்திடலாம்னு பார்த்தேன், சத்தியமா" என்று அவரே சொல்லிச் சிரித்துவிட்டு, உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். இருபத்தைந்திலிருந்து ஐம்பது மில்லிமீட்டர் வரை அளக்கிறது, நாம் கடைகிற பின்னுக்குச் சரியானது. கருவியின் தொடக்க அளவைச் சரிபார்த்துச் சுழியம் வைக்க, மிகச் சரியாக இருபத்தைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்டாண்டர்டு கம்பியும் கூடவே இருந்தது. அதன் இரண்டு முனையிலும் என் முகம் தெரிந்தது.

அப்படியும் நம்பவில்லை நான். எதிரே இருக்கிற பேரிங் கடைக்குப் போய், வெளிவட்டம் முப்பது மில்லிமீட்டர் உள்ள புதுப் பேரிங் இரண்டு கேட்டு வாங்கினேன். எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கினாலும் அது முப்பதுதான் இருக்கும், மனிதர் யாரும் அதில் கைவைக்க முடியாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அளந்தேன். இரண்டுமே முப்பது. அந்த மைக்ரோமீட்டரை வாங்கிவிட்டேன். தையல் வகுப்புக்குப் போனதாகச் சொன்னவள் தையல் மெஷினை விற்றுவிட்டு வந்து நின்றதும் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேருதான் கருவியா? பெரிய பாக்குவெட்டி மாதிரி இருக்கு" என்றார். பிறகு எண்ணெய் வைக்கட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் முதல்முறையாகப் பின் கடைந்தேன். முப்பது மில்லிமீட்டர், முடியளவு பிசகில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அந்த நிமிஷம் உங்களிடம் ஓடிவந்து காட்டவேண்டும் போலிருந்தது. போர்மேன் தன் மைக்ரோமீட்டரால் அளந்தார். ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்கு அதிகம் என்றார். அரைத் தலைமுடி அளவு. "உன்னை மாதிரியே இதுக்கும் கொழுப்பு ஜாஸ்தி. எடு இன்னும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திரும்ப அளந்தேன், முப்பது. பக்கத்து லேத் ஆளிடம் இரவல் வாங்கி அளந்தேன், அதுவும் நான்கு அதிகம் என்றது. எல்லார் கருவியும் ஒரே பேச்சுப் பேசுகிறது. என் கருவி மட்டும் தனியாக நிற்கிறது. என் கைதான் தப்போ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பையிலிருந்து புதுப் பேரிங்கை எடுத்துக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன், சார், இதை அளந்து பாருங்கள் என்றேன். அளந்தார். நூறில் நான்கு அதிகம். பேரிங்கைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு, "பேரிங் வீங்கியிருக்கு" என்றார்.

இரண்டாவது பேரிங்கையும் வைத்தேன். "அதுவும் வீங்கியிருக்கு. ஒரே கடையிலதானே வாங்கின" என்றார். இரும்பு வீங்குமா? மனிதர் அடிபட்டால் வீங்குவார், இரும்பு வீங்குமா? யாரும் கேட்கவில்லை. முன்னால் சிரித்தவர்கள் இப்போது தங்கள் லேத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மேஜை மேலேயே பட்டறையின் ஸ்டாண்டர்டு கம்பி கிடந்தது. எல்லாரும் அதைவைத்துத்தான் சுழியம் வைக்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். முனையில் கண்ணாடிப் பளபளப்பு இல்லை, எமரித்தாளால் தேய்த்தது கீறல் கீறலாக இருந்தது. எப்போதோ கீழே விழுந்து முனை பிசிறடித்திருக்கிறது, புதிது வாங்காமல் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். கம்பி குட்டையானால் கருவி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பிக் கடைகிற எல்லாப் பின்னும் மெலியும். இறுக்கமாக நிற்க வேண்டிய துளையில் மெலிந்த பின் ஆடும், ஆடி ஆடி ஒருநாள் கழன்றுவிடும். ஒரு கம்பிக்கு ஆகிற செலவை மிச்சம்பிடிக்க ஒருவரின் காலை எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் போர்மேன் அந்த வார்த்தையைச் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "உன் புருஷனும் இதே மாதிரி ஒரு பேரிங்கைத் தூக்கிட்டு வந்தவன்தான். அப்புறம் பொழைக்கத் தெரிஞ்சு நம்ம கம்பிக்கு ஏத்த மாதிரி திருகிக்கிட்டான். நீயும் திருகிக்க. முடியாதுன்னா கிளம்பு" என்று சொல்லி, சுழியம் திருத்துகிற குட்டி ஸ்பேனரை என் முன்னால் தள்ளினார். அன்றைக்கு அலமாரிப் பெட்டிக்குள் பார்த்த உங்கள் மைக்ரோமீட்டரின் குழாயில் அந்த ஸ்பேனர் வழுக்கின கீறல் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே திருகியிருக்கிறீர்கள். உங்களைத் திட்ட வார்த்தை தேடினேன். ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்பேனரை எடுத்தேன். நானும் திருகினேன். அத்தையின் மருந்து, வாடகை, நீங்கள் அங்கே பட்டினி கிடந்து அனுப்புகிற பணம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் முழுக்க மெலிந்த பின் கடைந்தேன். ஒவ்வொன்றிலும் என் முத்திரையை நானே குத்தினேன். அவை பெட்டியில் ஏறிப் போய்விட்டன. எந்தக் கிடங்கில் யார் தலைக்குமேல் தொங்குகின்றன என்று தெரியாது. ரோட்டில் போகும்போது பாரம் தூக்குகிற சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன்.

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. ஒரு வாரம் திருகியதற்கே நான் இப்படி ஆகிவிட்டேன், நீங்கள் அதை எத்தனை வருஷம் சுமந்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் திருகியது நீங்கள் என்றால் திருக வைத்தது யார்? ஸ்பேனரை நீட்டியவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், முதலாளி வாசலில் பாதுகாப்பே முதன்மை என்று பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான், நீங்கள் மட்டும் கண்காணாத இடத்தில் உங்களுக்கு நீங்களே தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை காலையில் சுழியத்தைச் சரியான இடத்துக்கே திருப்பி வைத்துக்கொண்டு போனேன். நான் அனுப்பிய பின்களைத் திரும்ப வரவழையுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். பின்களை வாங்குகிற கம்பெனிக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். எழுதிக் கொடு, பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயிருந்து நேராகக் கால் போனவர் வீட்டுக்குப் போனேன்.

மாதாமாதம் நீங்கள் அவருக்கென்று அனுப்புகிற பங்கைக் கொடுக்கப் போவேனே, அப்போதெல்லாம் அவர் மனைவி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். இந்தமுறை பணம் இல்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். உள்ளே விட்டார். இரண்டு பேரிங்கையும் மைக்ரோமீட்டரையும் கட்டிலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியும் என்பதையும் மறைக்கவில்லை, நான் திருகியதையும் மறைக்கவில்லை. அந்த அக்கா கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டு, "எங்க வீட்டுக் கஞ்சியையும் அளந்து பார்த்திருக்கலாமே நீங்க ரெண்டு பேரும்" என்று கத்தினார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

கால் போன அவர் கணவர் கத்தவில்லை. பேரிங்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். வேலைக்காரன் செய்த தப்புக்குப் பட்டறை பொறுப்பில்லை என்று சொல்லித்தான் அவருடைய நஷ்டஈட்டை மறுத்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லையாம். "நீ புதுசு தங்கச்சி. வேலையை விட்டுத் தூக்கின கோபத்துல பேசறேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அன்னிக்கு இருந்தவன் சொல்லணும், தெரிஞ்சுதான் செஞ்சேன், செய்ய வச்சாங்கன்னு. உன் வீட்டுக்காரர் வந்து சொல்லுவாரா?" என்று கேட்டார்.

இப்படிச் சொன்னால் உங்கள்மேலும் வழக்கு வரலாம். எனக்குத் தெரியும். அவரும் அதை மறைக்கவில்லை. உங்கள் மகன் வந்தால் ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும் என்று அத்தையிடம் சொன்னேன், உங்கள் கடிதத்தில் உண்மையாக இருந்ததையும் இன்றைக்குப் படித்துக் காட்டிவிட்டேன். தாளை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். "ஜெயில்ல இருந்தா போய்ப் பார்த்துட்டாவது வரலாம்" என்றார்.

எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. பணம் அனுப்ப வேண்டாம். பதிலும் போட வேண்டாம். பதில் எழுத உட்கார்ந்தால் மறுபடி நான்கு வரியில் ஓடிவிடுவீர்கள். கிளம்புங்கள். வழியில் ஏதாவது சாப்பிடுங்கள், ஜன்னல் ஓரம் உட்காருங்கள், யாரிடமாவது பேசிக்கொண்டே வாருங்கள், தனியாக மட்டும் இருக்காதீர்கள். உங்கள் உயிருக்கு ஒன்றும் ஆகாமல் நீங்கள் வாசலில் வந்து நின்றால் போதும், மற்றதை நின்று பார்த்துக்கொள்ளலாம்.

வந்து சொல்லுவாரா என்று அந்த அண்ணன் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. வருவார் அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்காக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிற
உங்கள் மனைவி