ஃபர்ஸ்ட் கியரில் ஒரு டக்

8 டிசம்பர் 2025, திங்கள்

பைக் வாங்கிப் பன்னிரண்டு நாள். நியூட்ரலில் இருந்து ஃபர்ஸ்ட் போட்டால் ‘டக்’ என்கிறது. மற்ற கியர்கள் வெண்ணெய் மாதிரி விழுகின்றன. ஃபர்ஸ்ட் மட்டும் டக்.

இருபத்தாறு வருடமாக ராணிப்பேட்டை டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றிப் பதனிடும் டிரம்களுக்குக் கியர் பார்க்கிறவன் நான். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே எந்த டிரம்மில் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காசிநாதனின் வண்டி டக் என்கிறது. ஊர் என்ன நினைக்கும்?

காலையில் பின்னால் உட்கார்ந்திருந்த என் பெண்டாட்டி பாக்யம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய ஷூ கம்பெனி நெமிலி பக்கத்தில் புது யூனிட் போடுகிறது. இவளை சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். “இருபதாந்தேதிக்குள்ள பதில் சொல்லணும். போகட்டுமாங்க?”

“இரு, கேக்க உடு” என்றேன். கியரைத்தான் சொன்னேன்.

வீட்டில் அவளுக்கு அடுப்பு, எனக்கு டிவி. நாங்கள் பேசிக்கொள்வதே ஆற்காட்டிலிருந்து அவள் கம்பெனி வரை போகிற இந்த இருபது நிமிடம்தான். அதற்காகத்தான் வண்டியே வாங்கினேன். முதலில் கியர் சரியாகட்டும், பிறகு நெமிலியைப் பேசலாம்.

9 டிசம்பர்

ஷோரூம் போனேன். டேனியல் என்று ஒரு மெக்கானிக். ஒரு தடவை போட்டுப் பார்த்தான். “சார், ஃபர்ஸ்ட் போட்டா டக்குன்னுதான் இருக்கும். ஓடுற பல்லு நிக்கிற பல்லுல போய் மாட்டுது இல்லியா? குளுர்ல கொஞ்சம் ஜாஸ்தியா கேக்கும். ஒண்ணும் ஆகாது.”

எனக்குப் பல் பாடம் நடத்துகிறான்! சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறான். அதுதான் தாங்கவில்லை.

10 டிசம்பர்

டக்.

14 டிசம்பர், ஞாயிறு

வேலூர் லாங் பஜார். பாக்யம் பாத்திரக்கடைக்குள் போனாள், நான் வெளியே நின்று ஆராய்ச்சி செய்தேன். கைவண்டிகள் குறுக்கே வந்துகொண்டே இருப்பதால் எல்லோரும் நின்று நின்று ஃபர்ஸ்ட் போட்டே தீர வேண்டும். இதைவிடத் தோதான இடம் உண்டா?

மொத்தம் நாற்பத்து மூன்று வண்டிகள். நாற்பத்தொன்றில் டக். சத்தமில்லாத இரண்டும் ஸ்கூட்டர், கியரே கிடையாது. ஆக, டேனியல் சொன்னது சரி என்று ஒரு சாமானியன் முடிவு கட்டிவிடுவான். நான் அப்படிக் கட்டவில்லை. நாட்டில் ஓடுகிற அத்தனை வண்டியும் தப்பாக ஓடுகிறது, கேட்க ஆளில்லை என்பதே என் முடிவு.

திரும்பும்போது பாக்யம், “வேன் காலையில அஞ்சே முக்காலுக்கு வந்துடுமாம். வூடு திரும்ப ஏழு ஆய்டும். உங்களுக்குத்தான் சாப்பாடு பேஜாராய்டும். இன்னா சொல்றீங்க?” என்றாள்.

“நாப்பத்தி ஒண்ணு” என்றேன்.

அதன்பிறகு வீடு வரை அவள் பேசவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

16 டிசம்பர், செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். எண்ணெய்! ஷோரூம்காரன் ஊற்றியிருப்பது ரசம் மாதிரி இருக்கிறது. அதை வடித்துவிட்டு, டிரம் கியருக்கு ஊற்றும் கெட்டி எண்ணெயை ஊற்றினேன்.

டிரம் ஓட்டுகிற மக்பூல் பாய் பார்த்துவிட்டு, “இன்னா காசி, டிரம் எண்ணெய வண்டிக்கா ஊத்தற? வண்டியில கிளட்ச்சும் அதே எண்ணெயிலதான முழுகிக் கெடக்குது? தட்டெல்லாம் ஒட்டிக்கப் போவுது” என்றார். டிரம் ஓட்டுகிறவருக்குக் கிளட்ச் பற்றி என்ன தெரியும்? கியர் என்றால் கியர்தான் பாய் என்றேன்.

சாயங்காலம் வரும்போது டக் பாதிதான் இருந்தது. எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

17 டிசம்பர்

நல்ல குளிர். பாக்யம் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மடியில் டிபன் கேரியர். கிளட்சைப் பிடித்து ஃபர்ஸ்ட் போட்டேன்.

வண்டி அப்படியே எகிறியது. கிளட்ச் புடிச்சிருந்தேனே! முழுசாப் புடிச்சிருந்தேன், சத்தியமா. நான் ஹாண்டில்பாரைப் பிடித்துத் தொங்கினேன். அவளுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. தெருவில் விழுந்தாள். முழங்கை, முட்டி எல்லாம் ரத்தம். புளிசாதம் ரோடு முழுக்க. அவ தலையில பட்டிருந்தா? இன்னா ஆயிருக்கும்?

என்னைத் திட்டவேயில்லை. சேலையைத் தட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

18 டிசம்பர்

பாக்யம் இன்று கம்பெனி பஸ்ஸில் போனாள்.

நான் ஷோரூமில் போய்ச் சத்தம் போட்டேன். உங்கள் கிளட்ச் என் பெண்டாட்டியைக் கீழே தள்ளியது என்றேன். பத்து பேர் கூடினார்கள். டேனியல் எண்ணெய் மூடியைத் திறந்தான், விரலில் தொட்டான், மோந்தான். “சார், இது நாங்க ஊத்துனது இல்லியே.”

“அப்ப யாரு ஊத்தினா?” என்று நானே கேட்டேன். அதுவும் அதிகாரமாக.

என்னை ஒரு நிமிடம் பார்த்தான். என் சட்டையின் எண்ணெய்க் கறையையும் பார்த்தான். “தெரியல சார். மாத்திக் குடுத்துட்றேன்” என்று மெதுவாகச் சொன்னான். கூட்டத்தின் நடுவில் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

கிளட்ச் தட்டுகளைக் கழற்றித் துடைத்து, சரியான எண்ணெய் ஊற்றிக் கொடுத்தான். ஃபர்ஸ்ட் போட்டேன். டக். ஒன்றுமில்லாத ஒரு டக்.

20 டிசம்பர், சனி

ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்து, “பாக்யம், எண்ணெய மாத்தி ஊத்தினது நான்தான்” என்றேன்.

“தெரியும். நான் உழுந்த அன்னிக்கே மக்பூல் பாய் சம்சாரம் சொல்லிடுச்சி.”

“சரி, நெமிலி விஷயம்... இன்னிக்குத்தானே கடைசி நாளு? பேசலாமா?”

“நேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.” முழங்கைக் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். “பின்னாடி உக்காந்து எத்தினி நாளு கேட்டேன்? நீங்க கியரக் கேட்டுக்கினு வந்தீங்க. நான் இன்னாத்த பண்றது?”

சந்தோஷம் என்று சொன்னேன். பொய். அவள் சூப்பர்வைசர் ஆவதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த இருபது நிமிடம் போய்விட்டது. என் கையாலேயே தொலைத்தேன்.

5 ஜனவரி 2026, திங்கள்

பாக்யம் இன்று முதல் நெமிலிக்கு. டேனரிக்குத் தனியாகப் போனேன். வண்டி நன்றாக ஓடுகிறது.

8 ஜனவரி, வியாழன்

கெஞ்சிக் கேட்டபிறகு இன்று வண்டியில் ஏறினாள். வேன் நிற்கும் இடம் வரைதான். நாலு நிமிடம்.

அவள் லைனில் முப்பத்தெட்டு பேராம். கோவிந்தம்மாள் என்று ஒருத்தி, இவளைவிடப் பத்து வயது பெரியவள், “நீ இன்னா எனக்குச் சொல்றது” என்று முறைக்கிறாளாம். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். சொன்னாள். அப்புறம் என்றேன். அதற்கும் சொன்னாள், சிரித்துக்கொண்டே. ஃபர்ஸ்டிலேயே ஓட்டிக்கொண்டு போனேன். இன்ஜின் கதறியது. பால்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்.

“செகண்ட் போடுங்க” என்றாள். “வேன் போய்டப் போவுது.”