இடது கை ஓர் அங்குலம் குறைவு

மகளுக்கு,

நம் தையற்கடைக்கு நீ இணையப் பக்கம் தொடங்கியபோது, "போன்ல அளவு அனுப்பி யாரு, மகள், உடுப்பு தைக்கப் போறாங்க?" என்று பரிகசித்தேன். வலப்பனையில் இப்போது அந்தப் பக்கத்தால்தான் கடை ஓடுகிறது.

செவ்வாயன்று கொழும்பிலிருந்து வேறு யாரோ ஒருத்தி பெயரில் சல்வாருக்கு ஓடர் வந்தது. துணி வெட்டும் பிரியந்தி அளவு நாடாவைக் கீழே வைத்தாள்.

"மிஸ், எடது கை ஒரு இன்ச் கொறைவு. இது நம்ம அம்னா பாப்பா அளவுங்க! ஆனா முப்பத்திநாலு மார்பு இருபத்தாறுன்னு இருக்கே. தப்பா போட்டிருக்கு."

நீ அளவைத் தப்பாக எழுதமாட்டாய். எட்டு அங்குலம் இளைத்திருக்கிறாய்.

என்ன வியாதி என்று கேட்கவில்லை. உன்னை வீட்டுக்கு வராதே என்ற எனக்கு அந்த உரிமை இல்லை.

இருபத்தாறுக்கே தைத்தேன். மிச்சத் துணி பக்கத் தையலுக்குள் மடிந்திருக்கிறது. பிரித்தால் முப்பத்திநாலு வரும். நீ அந்த அளவுக்குத் திரும்பும் நாள் வருமென்று நான் நம்பவில்லை. வெட்டத்தான் கை வரவில்லை.

உம்மா