பைலட் ஏறிய பிறகு

பிப்ரவரி 9
பல் டாக்டரிடம் போயிருந்தேன். சீட்டு எழுதுகிற பெண், "ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்றாள். கேப்டன் என்றேன். "எந்த டீமுக்கு?" என்றாள். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே வலித்தது.

பிப்ரவரி 14
மகள் வந்தாள். வக்கீல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டார்களாம், அடுத்த மாதம் விசாரணை. "உங்க பேரைத் துடைச்சுக் குடுக்காம விடமாட்டேன்ப்பா."

துறைமுகத்துக்குள் நுழையும்போது அந்த ஊர் பைலட் ஒருவன் கப்பலில் ஏறுவான். வேகம், திருப்பம் எல்லாம் அவன் சொல்வதுதான். இடித்தால் மட்டும் கேப்டன் தலை! என்ன நியாயம் இது? அன்றைக்கு ஏறியவன் மேல் மூக்கைத் துளைக்கிற வாசனை, சென்ட் பாட்டில் என்று பேர் வைத்தேன். நடக்கிற வேகத்தில் நெருங்க வேண்டிய கரை மேடையில் ஓடுகிற வேகத்தில் கொண்டுபோய் மொத்தினான். கப்பலின் கயிற்றை வாங்கிக் கட்ட மேடையில் நின்றவருக்கு முழங்காலோடு இடது கால் போனது. எனக்கு வேலை போனது. அவன் இன்னும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கப்பல் கப்பலாக ஏறுகிறான். ஒன்பது வருஷமாக வயிறு எரிகிறது.

பிப்ரவரி 15
மனைவி என் யூனிஃபார்மை எடுத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். கேட்டால், "சும்மாதான்" என்கிறாள்.

பிப்ரவரி 21
கப்பலை ஓட்டுகிற அறையில் பேசுவதெல்லாம் ஒரு பெட்டியில் பதிவாகும். அன்றைய பதிவை எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிட்டாள் மகள். கூடத்தில் உட்கார்ந்து போனில் போட்டாள்.

சென்ட் பாட்டில்: "கேப்டன், நீங்க போய் உக்காருங்க, நான் பார்த்துக்கறேன்."
சுக்கான் பிடித்த பையன்: "சார், வேகம் ஜாஸ்தியா இருக்கே?"
நான்: "பைலட் சொல்றதை மட்டும் கேளு."
அப்புறம் ஒரு சின்னச் சத்தம்.

"யாருப்பா இருமறது?" என்றாள். சுக்கான்காரன் என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

பிப்ரவரி 22
இவள் பேசவில்லை.

பிப்ரவரி 24
பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் டங்கென்று வந்து விழுகிறது.

பிப்ரவரி 26
கேட்டேவிட்டாள். "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல பாதி நாள் நீங்க வீட்டுலயே இல்ல. இருந்தாலும் உங்க சிரிப்பு எனக்குத் தெரியும். அது அடுத்தவன் அசிங்கப்படறப்ப சிரிக்கிற சிரிப்பு. எதுக்குச் சிரிச்சீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். இங்கே சொல்கிறேன்.

ஆமாம், சிரித்தேன். பைலட் ஏறினாலும் கப்பல் கேப்டனுடையதுதான். அவன் தப்பு செய்கிறான் என்று தெரிந்தால், "நான் எடுத்துக்கறேன்" என்று சொன்னால் போதும், ஒதுங்கித்தான் ஆக வேண்டும். தெரிந்தது. முழுசா ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. இன்ஜினைப் பின்னால போடச் சொல்லியிருந்தா நின்னிருக்கும். சொல்லல. என் ஆளுங்க முன்னாடி என்னையே உக்காருன்னு சொல்றான், நேத்து முளைச்ச பய! லேசா உரசட்டும், பெயின்ட் போகட்டும், மூக்கு உடையட்டும் — அதைப் பார்க்கத்தான் வெளியே கைப்பிடிக் கம்பியோரம் போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ஒருத்தர் கால் போகும்னு நினைச்சேனா? நினைக்கல. நினைச்சிருக்கணும். பின்ன எதுக்குத் தோளில் நாலு பட்டை?

மார்ச் 2
வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க மகள் வந்தாள். பதினோராவது பத்தி: "ஆபத்து நெருங்குவதை நான் அறிந்திருக்கவில்லை." பேனாவை மூடிவிட்டேன். "இருமறது நான்தாம்மா. அது இருமலும் இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. "நான் சட்டம் படிச்சதே இதுக்காகத்தான்ப்பா" என்று மட்டும் சொன்னாள். காகிதங்களை அடுக்கி, கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 3
யூனிஃபார்ம் மறுபடி பெட்டிக்குள்.

மார்ச் 16
மனுவை வாபஸ் வாங்கியாயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதி விசாரணைக்காரர்களுக்கு நானே அனுப்பிவிட்டேன். மகள் போன் செய்கிறாள். அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.

மார்ச் 20
கயிற்றுக்காரர் வீட்டைத் தேடிப் போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவுக்குப் பின்னால் செயற்கைக் கால், ஷூவோடு சாய்த்து வைத்திருந்தது. செருப்பைக் கழற்றி அடிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அடித்தாலும் சரி என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மடித்துச் செருகியிருந்த இடது பக்க வேட்டியை நீவிவிட்டுக்கொண்டே பேசினார்.

"வேகமா வருதுன்னு எங்களுக்கும் தெரிஞ்சுது சார். கூட நின்ன ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. நானும் ஓடத்தான் திரும்பினேன். மேல பார்த்தா நீங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. கேப்டனே பதறாம நிக்கிறாரு, ஒண்ணும் ஆகாதுன்னு நின்னுட்டேன்."

அவர் மனைவி கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவள் வாசலுக்கே வந்து, "என்ன சொன்னாரு?" என்றாள். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்டதற்கு அப்புறம் அவளாக வாயைத் திறந்தது இன்றைக்குத்தான்.

"நல்லாத் திட்டினாரு" என்றேன்.